நீர்வழியும் சொல்வழியும்: போரதீவுப்பற்று வேளாண்மைக் கூட்டங்களின் அவைமரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் நீர்ப்பாசன வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் குளங்கட்டிய மன்னர்களைப் பற்றியும், அணைகளின் நீள அகலங்கள் பற்றியும், அண்மைக் காலத்திற் பொறியியலாளர் வகுத்த திட்டங்கள் பற்றியுமே விரித்துப் பேசியுள்ளனர். குளத்தினின்றும் வாய்க்காலில் இறங்கிய நீரின் அளவுக்குக் கணக்குண்டு. ஆனால், 'நாளை நீர் திறக்கப்படும்' என்ற சொல் எவர் வாயினின்று புறப்பட்டது, எவ்வழியாற் சென்றது, வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருந்தவனை எப்போது அடைந்தது என்பனவற்றுக்குக் கணக்கில்லை. நீரைப் பங்கிடுவது எத்துணை முக்கியமோ, நீர் பற்றிய செய்தியைப் பங்கிடுவதும் அத்துணை முக்கியமாகும். செய்தி பிந்தியவனுக்கு விதைப்புப் பிந்தும். விதைப்புப் பிந்தியவனுக்கு, நீர் நிறுத்தப்படும் நாளிலே கதிர் பாலாகவே நிற்கும்.

இக்கட்டுரை மட்டக்களப்பு வாவியின் மேற்கே, வெல்லாவெளியைத் தலைமையிடமாகக் கொண்ட போரதீவுப்பற்றை மையமாக வைத்து, ஒரே வாய்க்காலைப் பயன்படுத்தும் உழவர் கூட்டங்களிலே செய்தித் தொடர்பு எவ்வாறு நடைபெற்றது, அக்கூட்டங்களின் அவைமரபு யாருக்குத் துணைநின்றது என்னும் வினாக்களை ஆராய முற்படுகின்றது. அவைமரபு என்பதை வெறும் உபசாரமாகக் கொள்ளுதல் தவறு. எவர் முதலிற் பேசுவது, எவர் பேசாதிருப்பது, எவருடைய மௌனம் இணக்கமாகக் கொள்ளப்படுவது என்பன யாவும் உற்பத்தி உறவுகளோடு பிணைந்தவை என்பதே இங்கு நாம் நிறுவ விழையும் கருத்தாகும்.

களமும் அதன் இயல்பும்

மட்டக்களப்பு மக்கள் தம் நிலத்தை வாவியை நடுவாக வைத்தே வகுத்துள்ளனர். ஞாயிறு எழும் கடற்புறம் எழுவான்கரை. படும் மேற்புறம் படுவான்கரை. குடியிருப்புச் செறிவு எழுவான்கரையிலும், பரந்த நெல்வயல்கள் படுவான்கரையிலும் அமைந்தமை இப்பிரதேசத்தின் சமூக வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாத உண்மையாகும். வயலின் உரிமையாளர் ஒரு கரையிலும் வயல் மறு கரையிலும் இருந்தமையால், இடையே தோணியும் துறையும் தேவைப்பட்டன. குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குச் செல்லும் ஓடம் இவ்வுறவின் கண்கூடான சின்னமாகும்.

ஊர்ப்பெயர்களே இந்நிலத்தின் தொழிலைச் சொல்லிவிடுகின்றன. வெல்லாவெளி, ஆனைகட்டியவெளி என்பனவற்றில் வரும் 'வெளி'யும், பாலையடிவட்டை, காக்காச்சிவட்டை என்பனவற்றில் வரும் 'வட்டை'யும் திறந்த வயற்பரப்பைக் குறிப்பன. 'வட்டை' என்பது ஒரு தனி உழவனின் வயலன்று. ஒரே நீரை நம்பி, ஒரே வேலிக்குள் அடங்கும் பலருடைய வயல்களின் தொகுதியாகும். ஆகவே வட்டை என்ற சொல்லே கூட்டுறவு ஒன்றினை முற்கோளாகக் கொண்டது. ஒருவன் தன் எல்லையில் வேலியடையாது விட்டால் மாடு அனைவருடைய பயிரையும் மேயும். ஒருவன் தன் பங்கு வாய்க்காலைத் துப்புரவு செய்யாவிடின் அவனுக்குக் கீழேயுள்ள அனைவரும் வாடுவர். தனிமனிதன் தன் விருப்பம்போல் நாள் குறித்து விதைக்க இயலாத தொழில் இது.

வடகீழ்ப் பருவக்காற்று மழையை நம்பிய பெரும்போகமும், குளநீரை நம்பிய சிறுபோகமும் இங்கு நிகழ்வன. மழைக்காலத்திலே வெள்ளம் பாதைகளை மறிக்கும். கோடையிலே நீர் குறுகும். முன்னதில் செய்தி போய்ச் சேராது. பின்னதில் நீர் போய்ச் சேராது. இரண்டிலும் இழப்புக்கு முதலில் ஆளாகுபவன் கடைக்கோடி உழவனே.

நிலவுரிமையின் அமைப்பையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும். பெருநிலம் உடையவர் 'போடியார்' என மரியாதையுடன் விளிக்கப்பட்டார். அவருக்காக வயலில் வாடியமைத்துத் தங்கி, உழவு முதல் சூடடிப்பு வரை பொறுப்பேற்றவர் முல்லைக்காரர். நீரின் வரவையும் நிறுத்தத்தையும் நேரிற் கண்டறிந்தவர் முல்லைக்காரரே. எனினும், நீர் பற்றித் தீர்மானிக்கும் கூட்டத்தில் அமர்ந்தவர் போடியார். அறிவு ஓரிடத்திலும் அதிகாரம் வேறோரிடத்திலும் இருந்த இந்த முரண்பாடே நாம் ஆராயும் வரலாற்றின் அச்சாணி எனலாம்.

வட்டைவிதானையின் பணி

இவ்விரு பிரிவினருக்கும், அவர்களுக்கும் அரசுக்கும் இடையே நின்றவர் வட்டைவிதானை. சிங்களப் பிரதேசங்களில் 'வெல்விதானை' என வழங்கிய பதவிக்கு நிகரானது இது. வட்டையில் நிலமுடையோர் கூடி அவரைத் தெரிவு செய்தனர். வாய்க்கால் துப்புரவு, வேலியடைப்பு, கால்நடை அகற்றல், முறைவைத்து நீர் விடல் ஆகியவற்றை மேற்பார்வை செய்தல் அவர் கடன். அரசு அவருக்குச் சம்பளம் வழங்கவில்லை. அறுவடையின்போது வட்டையார் தம் வயற்பரப்புக்கேற்ப அளந்து கொடுத்த நெல்லே அவருக்குரிய ஊதியம். எனவே அவர் முழுமையான அரசாங்க உத்தியோகத்தருமல்லர்; முழுமையான கூலியாளருமல்லர். தாம் பணிசெய்யும் கூட்டத்தின் நன்மதிப்பிலே தங்கி வாழ்ந்தவர்.

பிரித்தானிய ஆட்சி இம்மரபைச் சட்டத்துக்குள் கொணர்ந்தது. 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி வார்ட் கிழக்கிலங்கையின் நீர்ப்பாசனத்தில் ஆர்வங் காட்டியவர். இறக்காமம், அம்பாறைக் குளங்களின் புனரமைப்பு அவர் காலத்தது. அவர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நெற்காணிகளின் நீர்ப்பாசனம், செய்கை ஆகியன பற்றிய பழைய வழக்காறுகளை மீட்டு நடைமுறைப்படுத்துதலையே தன் நோக்கமாகத் தலைப்பிலே கூறிற்று. பழைய வழக்கம் என்று சட்டம் கூறும்போது, 'எவருடைய வழக்கம்?' என்று வினவுதல் வரலாற்று மாணவனின் கடமை. இச்சட்டமும் அதன் வழிவந்த சட்டங்களும் வழக்காற்றை நிலவுடைமையாளரின் கூட்டத்திலே கேட்டறிந்தன. நிலமில்லாது உழுதவன் வழக்காற்றின் சுமையைச் சுமந்தான். வழக்காறு யாதென உரைக்கும் உரிமை அவனுக்கு இருக்கவில்லை.

வட்டைவிதானை கையாண்ட செய்திவழி வாய்மொழியே. அவர் நேரிற் சென்று சொல்வார், ஆளனுப்பிச் சொல்லுவிப்பார், பொதுச்செய்தியாயின் பறையறைந்து தெரிவிக்கப்படும். இம்முறையின் சிறப்பு, செய்தி ஒரே வாயினின்று புறப்பட்டமையாகும். நீர் திறக்கும் நாளைப் பற்றிப் பலர் பலவாறு பேசினும், விதானை சொன்னதே நாள். ஆனால் இதன் குறைபாடும் அதே இடத்திலேதான் இருந்தது. ஒரே வாய் என்பது ஒரே வாயிலும் ஆகும். மேலிருந்து கீழே செல்லும் கட்டளைக்கு அவ்வாயில் எப்போதும் திறந்திருந்தது. கீழிருந்து மேலே செல்லவேண்டிய முறையீட்டுக்கோ, அது விதானையின் மனப்பாங்கையும் முறையிடுபவனின் செல்வாக்கையும் பொறுத்துத் திறந்தது. நீர் இயல்பாகவே மேலிருந்து கீழே பாயும். நீதியான பங்கீட்டுக்கோ, சொல் கீழிருந்து மேலே பாயவேண்டும். இவ்வெதிர்த்திசை ஓட்டத்துக்கு வழிசெய்யாத அமைப்பு எத்துணை ஒழுங்காக நடப்பினும் நீதியான அமைப்பாகாது.

கூட்டம் எனும் அவை

ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் நடைபெறும் கூட்டமே இவ்வமைப்பின் உச்ச அவையாகும். 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அரசாங்க அதிபர் காணியுரிமையாளரின் கூட்டத்தைக் கூட்டித் தீர்மானங்களை எடுப்பதற்கு விதிசெய்தது. 'செய்கை ஆரம்பக் கூட்டம்' என இன்று அழைக்கப்படும் இக்கூட்டத்தில் வாய்க்கால் துப்புரவை முடிக்கவேண்டிய நாள், கால்நடைகளை அகற்றவேண்டிய நாள், முதல் நீர் திறக்கும் நாள், விதைப்புத் தொடங்கி முடியும் நாள்கள், எத்தனை மாத வயதுடைய நெல்லினம் விதைப்பது, இறுதி நீர் நிறுத்தும் நாள் என்பன வரிசையாகத் தீர்மானிக்கப்பட்டுப் பதிவுசெய்யப்படும். நவகிரிக் குளத்தின் நீரை நம்பிய போரதீவுப்பற்று வயல்களுக்கும் தும்பங்கேணிப் பக்கத்து வயல்களுக்கும் இத்தகைய கூட்டங்களின் முடிவே ஆண்டின் நாட்காட்டியாகும்.

இவ்வரிசையைக் கூர்ந்து நோக்கின், ஒவ்வொரு நாளும் இரு பிரிவினருக்கு இடையேயான இணக்கமாக அமைதல் புலப்படும். கால்நடை அகற்றும் நாள், பட்டிக்காரருக்கும் உழவருக்கும் இடையேயான உடன்படிக்கை. நெல்லின் வயது, நீரைச் சேமிக்க விரும்பும் நீர்ப்பாசன உத்தியோகத்தருக்கும் கூடிய விளைவை விரும்பும் உழவருக்கும் இடையேயானது. நீர் திறக்கும் நாள், தலைவாய்க்காலாருக்கும் கடைவாய்க்காலாருக்கும் இடையேயானது. ஆகவே கூட்டத்தில் ஒருவர் வாய் திறவாதிருப்பின், அவர் இழப்பது மரியாதையை மட்டுமன்று. ஒரு போகத்து உணவையுமாகும்.

எனினும், வாய் திறத்தல் எளிதாக இருக்கவில்லை. அவையில் அடங்கி இருத்தலை நற்பண்பாகக் கொண்ட சமுதாயம் இது. பெரியவர் பேசும்போது குறுக்கிடாமை, முரண்பாட்டை முகத்துக்கு நேரே கூறாமை, கோயிலில் முதன்மை பெற்றோருக்கு வயற்கூட்டத்திலும் முதன்மை அளித்தல் ஆகியன இங்கு ஊறிய பழக்கங்கள். சொல்லைக் காத்தலில் மட்டக்களப்பு உழவர் காட்டிய நுட்பத்துக்குக் களவெட்டியே சான்று. சூடடிக்கும் களத்திலே அன்றாடச் சொற்கள் பலவற்றை விலக்கி, அக்களத்துக்கே உரிய தனிச்சொற்களை வழங்கும் மரபு இங்கிருந்தது. குறைவைக் குறிக்குஞ் சொல்லை உச்சரித்தால் விளைவும் குறையும் என்ற நம்பிக்கை இதற்கு அடிப்படை. 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' இப்பிரதேசத்தின் வழக்காறுகளை விரிவாக எடுத்துரைப்பது. களத்திலே குறையைச் சொல்லாமை சடங்கு, அதிலே தவறில்லை. கூட்டத்திலும் குறையைச் சொல்லாமை பண்பாகக் கொள்ளப்படும்போதுதான் அவைமரபு ஆதிக்கத்தின் கருவியாகின்றது.

பெண்கள் நிலை இதனினும் சிந்தனைக்குரியது. மட்டக்களப்பிலே வீடும் வயலும் சீதனமாக மகளுக்குச் செல்லும் வழக்கம் வலுவானது. தாய்வழி உரிமையை ஏற்ற முக்குவர் வழமை பற்றிக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூல் வெளியிட்டார். அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் அவ்வழமை சட்ட வலுவை இழந்தது. ஆயினும் சீதன வழக்கம் தொடர்ந்தது. காணியுரிமையாளரின் கூட்டம் என்று சட்டம் கூறிய அவையிலே, பல வயல்களின் உரிமையாளர் பெண்களாகவே இருந்திருத்தல் வேண்டும். ஆனால் உறுதியிற் பெயர் மனைவியுடையதாகவும், அவையிற் குரல் கணவனுடையதாகவும் அமைந்தன. நிலமில்லாத முல்லைக்காரரை விலக்கச் சட்டம் நிலவுரிமையைக் காரணங் காட்டியது; நிலமுள்ள பெண்ணை விலக்க மரபு வேறொரு காரணத்தைக் கண்டுகொண்டது. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது, விலக்கலே முதலில் வந்தது, காரணம் பின்னரே தேடப்பட்டது என்ற முடிவுக்கு வருதல் தவிர்க்கவியலாததாகின்றது.

1958இன் திருப்பம்

பிலிப் குணவர்த்தன விவசாய அமைச்சராக இருந்து கொணர்ந்த 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் இந்நிலையை மாற்ற எழுந்த முதற் பெருமுயற்சியாகும். குத்தகை உழவருக்குப் பாதுகாப்பளித்தல் அதன் நன்கறியப்பட்ட பகுதி. நம் ஆய்வுக்கு அதனினும் முக்கியமானது, விதானைப் பதவியை நீக்கி, தெரிவு செய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்களை அவ்விடத்தில் நிறுவியமையாகும். இக்குழுக்களிலே செய்கை பண்ணுவோர் பெரும்பான்மையினராக இருத்தல் வேண்டுமெனச் சட்டம் கூறிற்று. ஏட்டளவிலேனும், உழுபவனுக்கு அவையில் இருக்கை கிடைத்த முதல் நிகழ்ச்சி இது.

ஆனால், இருக்கை கிடைத்தவுடன் குரல் கிடைத்துவிடுவதில்லை. விதானை ஒருவர் செய்த பணியைப் பலர் அடங்கிய குழு செய்ய முற்பட்டபோது, செய்தி எவரிடமிருந்து புறப்படுவது என்ற தெளிவு மங்கிற்று. குத்தகை உழவனும் அவனுடைய நிலவுடைமையாளனும் ஒரே அவையில் அமர்ந்தபோது, அடுத்த போகத்துக்கு வயல் கிடைக்குமோ என்ற அச்சம் சட்டத்தினும் வலிமையாக நின்றது. 1972ஆம் ஆண்டின் விவசாய உற்பத்திச் சட்டத்தின் கீழ்க் குழு உறுப்பினர் அமைச்சரால் நியமிக்கப்பட்டனர். தெரிவு நியமனமாக மாறியதோடு, செய்தியின் திசையும் மீண்டும் மேலிருந்து கீழானது. 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின்னர் அக்குழுக்களும் மறைந்தன. 1979ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கக் கமநல சேவைகள் சட்டம் அப்பணியைச் செய்கை உத்தியோகத்தரிடம் ஒப்படைத்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் விதானை, தெரிவுக்குழு, நியமனக்குழு, உத்தியோகத்தர் என நான்கு வடிவங்கள் மாறின. உழவனோ ஒவ்வொரு முறையும், தன் முறையீட்டை எவரிடம் கொண்டு செல்வது என்பதைப் புதிதாகக் கற்கவேண்டியவனானான். மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் வட்டைவிதானை என்ற பெயர் சட்டத்தைக் கடந்தும் வாழ்ந்தமைக்கு இக்குழப்பமும் ஒரு காரணமாதல் கூடும்.

கல்லோயா தந்த பாடம்

வெல்லாவெளியின் தென்மேற்கே விரிந்து கிடக்கும் கல்லோயாத் திட்டம் இவ்வாய்வுக்கு இன்றியமையாத ஒப்பீட்டைத் தருகின்றது. 1949இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் கீழ் உருவான இத்திட்டத்தில் தலைப்பகுதியிற் பெரும்பாலும் சிங்கள உழவரும், கடைப்பகுதியில் தமிழ் பேசும் உழவரும் அமைந்தனர். 1956 ஜூனில் அப்பள்ளத்தாக்கிலே தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்செயலை மறந்து இவ்வாய்க்கால்களின் வரலாற்றை எழுத இயலாது. நீரின் மேடு பள்ளமும் இனத்தின் எல்லையும் ஒன்றன்மேலொன்று படிந்த இடம் இது.

இத்திட்டத்தின் இடதுகரைப் புனரமைப்பின்போது கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து 1981இல் ஒரு பரிசோதனையைத் தொடங்கின. இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாக உழவரிடையே சென்று தங்கினர். அவர்கள் முதலில் யாப்பு எழுதவில்லை. தலைவர், செயலாளர் தெரிவும் நடத்தவில்லை. ஒரே வயல்வாய்க்காலிற் பத்து முதல் இருபது வரையான உழவர் இருந்தனர். அவர்களைத் தனித்தனியே சந்தித்து, பின்னர் வாய்க்கால் வரம்பிலேயே சிறு கூட்டங்கூட்டி, அனைவருக்கும் பொதுவான ஓர் இடரைத் தீர்க்கும் வேலையை முதலிற் செய்வித்தனர். பல ஆண்டுகளாகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்கள் சிரமதானத்தால் துப்புரவாயின. அதன் பின்னரே பிரதிநிதி ஒருவரை, வாக்கெடுப்பின்றி, அனைவரின் இணக்கத்தாலும் தெரிந்தனர். அவருக்கு ஊதியமில்லை. வயல்வாய்க்காற் குழுக்களின் பிரதிநிதிகள் கூடிக் கிளைவாய்க்கால் அமைப்பும், அதற்குமேல் பகுதிச் சபையும், அதற்குமேல் உத்தியோகத்தரும் உழவரும் ஒருங்கமரும் முகாமைக் குழுவும் அமைந்தன. இப்பகுதிகளுள் ஒன்று உகணை - மண்டூர் எனப் பெயர் பெற்றமை நம் பிரதேசத்தோடு இவ்வரலாற்றுக்குள்ள தொடர்பைக் காட்டும். இவ்வனுபவத்தை நோர்மன் அப்ஹொவ் 1992இல் விரிவான நூலாக எழுதினார்.

இங்கு கவனிக்கத்தக்கது, இவ்வமைப்பில் உருவான புதிய அவைமரபாகும். வாய்க்கால் வரம்பில் நின்று பேசியமையால் தலைமை இருக்கை என ஒன்று இருக்கவில்லை. தூர்ந்த வாய்க்காலும் வறண்ட கடைவயலும் கண்முன்னே கிடந்தமையால், குறையைக் கூறுபவன் அவையை அவமதிப்பவனாகக் கருதப்படவில்லை. வாக்கெடுப்பைத் தவிர்த்தமையால் வென்றவர், தோற்றவர் என்ற பிளவு எழவில்லை. பிரதிநிதி மேற்கூட்டத்துக்குச் செல்லுமுன் தன் குழுவைக் கேட்டுச் சென்றார். திரும்பிவந்து நடந்ததைக் கூறினார். செய்தி இருதிசையிலும் பாயும் வழி ஒன்று அமைந்தது. குளத்தில் நீர் மிகக் குறைந்திருந்த அம்முதற் பருவத்திலேயே, முறைவைத்து நீர் பாய்ச்சிக் கீழ்வாய்க்காலாருக்கு நீரை மிச்சப்படுத்தும் வழக்கம் தோன்றியமை இதன் விளைவாகும்.

அப்பரிசோதனையின் பயன் தொடக்க ஆர்வத்தோடு மறைந்துவிடவில்லை. 1997ஆம் ஆண்டின் சிறுபோகத்தில், நெற்செய்கைக்குப் போதிய நீர் இல்லையென உத்தியோகத்தர் அறிவித்தபோது, உழவர் அமைப்புகள் நீரைச் சிக்கனமாகப் பங்கிட்டு 65,000 ஏக்கரிலும் வழமையினும் சிறந்த விளைவைப் பெற்றன என விஜயரத்னவும் அப்ஹொவும் 2000இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது. மேல்வாய்க்காற் சிங்கள உழவர் கீழ்வாய்க்கால் உழவரோடு நீரைப் பகிர்ந்தமை, நாடு போரிலே மூழ்கியிருந்த காலத்தில் நிகழ்ந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

எனினும் இவ்வனுபவத்தை மிகைப்படுத்தலும் ஆகாது. அமைப்பாளராக வந்த பட்டதாரிகள் நிலையான தொழில் கிடைத்ததும் விலகிச் சென்றனர். ஊதியமின்றிப் பணிசெய்தலை எல்லாராலும் ஒரே அளவில் செய்ய இயலாது. கூட்டத்துக்கு ஒருநாள் செலவிடுதல் பத்து ஏக்கர் உடையவனுக்குச் சிறிய இழப்பு; அன்றாடக் கூலியையும் நம்பி வாழ்பவனுக்கு அன்றைய உணவு. தொண்டு என்ற உயர்ந்த சொல்லின் மறைவிலே, வசதியுள்ளவரே மீண்டும் மீண்டும் பிரதிநிதியாகும் நிலை எழக்கூடும். எனவே தொண்டர் அமைப்பில் நாட்டாண்மை திரும்பி வருவதற்கு எவரும் சூழ்ச்சி செய்யவேண்டியதில்லை. பொறுப்புச் சுழலாதிருந்தாலே போதுமானது.

உத்தரமேரூரும் வலென்சியாவும்

இப்பிரச்சினை நமக்கு மட்டும் உரியதன்று. கி.பி. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையால் வாரியங்களைத் தெரிதலை விரித்துரைக்கின்றன. அவற்றுள் ஏரிவாரியமும் ஒன்று. கணக்குக் காட்டாதவரையும், அண்மையில் பதவி வகித்தவரையும் விலக்கிய அவ்விதிகள் பொறுப்பைச் சுழலச் செய்தன. அதேவேளை, இறை செலுத்தும் நிலமும் கல்வித் தகுதியும் உடைய ஆண்களுக்கே குடவோலை திறந்திருந்தது. அதனைக் குடியாட்சியின் பொற்காலமாகப் போற்றுவோர், ஏரிநீரால் உழுதவரின் பெயர் குடத்துள் இடப்படவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும்.

ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில், பேராலய வாயிலில் வியாழக்கிழமை நண்பகல்தோறும் கூடும் நீர் மன்றம் மற்றொரு சான்று. வாய்க்கால்களின் உழவர் தெரிந்த பிரதிநிதிகளே அங்கு நடுவர். விசாரணை முழுவதும் வாய்மொழியாகவே, பொதுமக்கள் முன்னிலையில் நடைபெறும். எந்த வாய்க்காலைப் பற்றிய வழக்கோ அவ்வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பிலே பங்குகொள்வதில்லை. யுனெஸ்கோ 2009இல் இம்மன்றத்தை மானிடத்தின் அருவ மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. கூட்டுவளங்களைப் பயன்படுத்துவோரே அவற்றை நீடித்து ஆளமுடியும் எனத் தம் 1990ஆம் ஆண்டு நூலில் நிறுவிய எலினோர் ஒஸ்ரொம் வலென்சியாவின் வாய்க்கால்களையும் ஆராய்ந்தவர். விதிகளால் பாதிக்கப்படுவோர் அவற்றை மாற்றுவதிலும் பங்குபெறல், பிணக்கை விரைவாகவும் செலவின்றியும் தீர்க்கும் களம் அருகிலேயே இருத்தல் என்பன அவர் கண்ட நெறிகளுட் சில. வாய்மொழி மரபு பின்தங்கிய மரபு அன்று, அது பகிரங்கமாக நடைபெறும்வரை என்பதே வலென்சியா உணர்த்தும் பாடம். நமது வட்டைவிதானையின் வாய்மொழி வீடு வீடாகச் சென்றது. வலென்சியாவின் வாய்மொழி சந்தியில் நின்றது. வேறுபாடு அவ்வளவே, ஆனால் அது பெரிய வேறுபாடு.

முடிவுரை

1991ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அதனை விரிவுபடுத்தியது. போர் இப்பிரதேசத்தின் துறைகளையும் பாதைகளையும் பலமுறை மூடிற்று. 2007இல் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தோர் மீண்டும் வட்டை கூட்டி, வாய்க்கால் வெட்டி, நாள் குறித்தனர். இன்று கைத்தொலைபேசி பறையின் இடத்தைப் பிடித்துள்ளது. செய்தி நொடியிற் செல்கின்றது. ஆயினும் நாம் மேலே எழுப்பிய வினா அதனால் தீர்ந்துவிடவில்லை. கட்டளை விரைந்து கீழே வருதல் ஒன்று. முறையீடு தடையின்றி மேலே செல்லுதல் வேறொன்று.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறக்கூடிய முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, பொதுச்செய்தி ஒரே இடத்திலிருந்து புறப்படல் வேண்டும். முறையீடோ ஒரே வாயிலை நம்பியிருத்தல் ஆகாது. இரண்டாவது, பேச்சொழுங்கு வேண்டற்பாலதே. ஆனால், அது உரக்கப் பேசுபவனை அடக்குவதற்கு மட்டுமன்றிப் பேசாதவனைப் பேசவைப்பதற்கும் பயன்படல் வேண்டும்; கடைவாய்க்கால் உழவனை முதலிற் கேட்டு, தலைவாய்க்கால் உழவனைப் பின்னர்க் கேட்கும் ஒரு சிறு மாற்றமே கூட்டத்தின் போக்கை மாற்றவல்லது. மூன்றாவது, மௌனத்தைச் சம்மதமாகப் பதிவுசெய்தல் கூடாது. நான்காவது, பிரதிநிதி திரும்பிவந்து கூறாதவரை அவர் சென்ற கூட்டம் நிறைவுற்றதாகாது. ஐந்தாவது, ஊதியமில்லாப் பொறுப்பு சுழலவேண்டும். அன்றேல் அது உரிமையாக இறுகிவிடும்.

திருக்குறள் அவையறிதல் என ஓர் அதிகாரத்தையும் அவையஞ்சாமை என ஓர் அதிகாரத்தையும் அடுத்தடுத்து வைத்துள்ளது. நமது சமுதாயம் முன்னதைக் கற்பித்த அளவுக்குப் பின்னதைக் கற்பிக்கவில்லை. அதிலும் நிலமில்லாதவனுக்கும் பெண்ணுக்கும் கற்பிக்கவேயில்லை. வெல்லாவெளியின் வயல்களிலே நீர் கடைக்கோடிவரை சென்ற ஆண்டுகள், கடைக்கோடியின் குரல் மதகுவரை சென்ற ஆண்டுகளாகவே இருந்திருக்கும். வாய்க்காலைத் துப்புரவு செய்ய ஆண்டுதோறும் நாள் குறிக்கிறோம். சொல் செல்லும் வழியும் தூர்ந்துவிடும் இயல்புடையதே. அதற்கும் ஆண்டுதோறும் ஒரு நாள் குறித்தல் வேண்டும்.